முதல் பூச்சு சட்டத்துக்கு

பெயிண்ட் புட்டியைத் திறந்து, மாடல் விமானத்தின் இறக்கையில் தூரிகையை வைக்கிறோம். நிறம் பூசுவதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த நொடியில் இறக்கைமேல் போய் உட்காருவதில் பெரும்பகுதி கரைப்பான். எந்தப் பெயிண்டிலும் மூன்று சரக்கு உண்டு: கண்ணுக்குத் தெரியும் நிறமி, அந்த நிறமியைப் பரப்போடு பிடித்துவைக்கும் பிசின், இரண்டையும் தூரிகையிலோ ஏர்பிரஷிலோ ஓட வைக்கும் கரைப்பான். நிறமியும் பிசினும் தங்க வந்தவை. கரைப்பான் ஆவியாகிப் போய்விடும். போவதற்கு முன்னால் சில நொடிகளோ, சில நிமிடங்களோ, சில வகைகளில் மணிக்கணக்கிலோ அது பிளாஸ்டிக்கின்மீதும், ஏற்கெனவே பூசியிருக்கும் பூச்சின்மீதும் ஈரமாகக் கிடக்கிறது. மாடல் கெடுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

கெடும் விதங்கள் பல. நன்றாகக் காய்ந்திருந்த பச்சை நிறத்தின்மேல் பளபளப்பு வார்னிஷ் அடித்ததும் இறக்கை முழுக்கச் சுருக்கம் விழுகிறது. கண்ணாடிபோல் இருந்த விமானி அறை மூடியில் மெல்லிய வெடிப்புகள் ஓடிப் பால்நிறமாகிவிடுகிறது. பெயிண்ட் அழகாகவே உட்காருகிறது, மறுவாரம் மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது அதோடு சேர்ந்து தோலாகக் கழன்று வருகிறது. இன்னொரு வகை, அன்று எதுவும் நடக்காது. சில நாள் கழித்து, யாரும் தொடாமலே ஒரு கால் மூட்டு ஒடிந்து விழும். இத்தனைக்கும் மட்டமான பெயிண்டைக் காரணம் சொல்வது வழக்கம். என் அனுபவத்தில் பெயிண்டும் தரமானதாக இருக்கும், பிளாஸ்டிக்கும் தரமானதாக இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்ப்பதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். அதற்கு வேண்டிய பிளாஸ்டிக் மாடல் பெட்டிக்குள்ளேயே வருகிறது, நாம்தான் அதைக் குப்பையில் போடுகிறோம்.

அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான பிளாஸ்டிக் மாடல்கள் பாலிஸ்டைரீனால் ஆனவை. 1839-ல் பெர்லினில் மருந்துக்கடை வைத்திருந்த எட்வார்ட் சிமோன், ஸ்டோராக்ஸ் என்ற மரப்பிசினைக் காய்ச்சி வடித்தபோது எண்ணெய் போன்ற ஒரு திரவம் கிடைத்தது. சில நாள் வைத்திருந்தால் அது கெட்டியாகிக் கூழாகிவிட்டது. காற்றிலிருந்த ஆக்சிஜனால் அப்படி ஆனது என்று அவர் எண்ணினார். சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து மிக நீண்ட சங்கிலியாகின்றன என்ற விளக்கத்தை ஜெர்மன் வேதியியலர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920-ல் முன்வைத்தார். பலரும் நம்ப மறுத்தார்கள். 1953-ல் அதே கருத்துக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1930-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் பாலிஸ்டைரீன் தொழிற்சாலைச் சரக்காகிவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் ஏர்ஃபிக்ஸ், அமெரிக்காவில் ரெவெல், ஜப்பானின் ஷிசுவோகா நகரில் தமியா என்று மாடல் நிறுவனங்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டன. காரணம் எளிது. சுமார் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இளகத் தொடங்கும். இன்னும் சூடாக்கினால் ஓடும். எஃகு அச்சின் மிக நுண்ணிய கோட்டைக்கூடப் பிடித்துக்கொண்டு இறுகும்.

இளகுவதற்குக் காரணமாக இருக்கும் அதே அமைப்புதான் கரைவதற்கும் காரணம். பாலிஸ்டைரீனின் சங்கிலிகள் ஒன்றோடொன்று வேதிப் பிணைப்பால் கட்டப்பட்டவை அல்ல. பக்கத்தில் பக்கத்தில் சுருண்டு கிடக்கின்றன, மூலக்கூறுகளுக்கு இடையிலான மென்மையான ஈர்ப்பு ஒன்றே அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதே அளவு ஈர்ப்புள்ள ஒரு திரவத்தின் சின்ன மூலக்கூறுகள் வந்தால், சங்கிலிகளுக்கு இடையே நுழைந்து விலக்கிவிடும். முதலில் பிளாஸ்டிக் வீங்கும், பிறகு கூழாகும், கடைசியில் கரைந்தே போகும். ஈர்ப்பு பொருந்தாத திரவம் மேலே நின்றுவிட்டுப் போய்விடும்.

எது பொருந்தும், எது பொருந்தாது என்பதை எண்ணாலேயே சொல்லிவிடலாம் என்று காட்டியவர் அமெரிக்க வேதியியலர் ஜோயல் ஹில்டிபிராண்ட். ஒரு திரவத்தின் மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதிலிருந்து வரும் எண் அது. கரைமை எண் என்று வைத்துக்கொள்வோம். அலகை இப்போதைக்கு விட்டுவிடுவோம். பாலிஸ்டைரீனுக்கு ஏறத்தாழ 18.5. டொலுயீனுக்கு 18.2, தொட்டால் போதும், பிளாஸ்டிக் கரையும். அசிட்டோனுக்கு ஏறத்தாழ 20, நன்றாகவே இளக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு 23.5, பாலிஸ்டைரீனைக் கரைக்காது. தண்ணீர் எங்கோ 48-ல் நிற்கிறது. பிளாஸ்டிக்கோடு அதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. எனாமலைக் கலக்கும் ஒயிட் ஸ்பிரிட் அந்தப் பக்கம் 16 அருகில் இருக்கிறது. அது பாலிஸ்டைரீனை வெளிப்படையாகக் கரைப்பதில்லை. ஆனால் 16-க்கும் 18.5-க்கும் இடைவெளி அதிகமில்லை என்பதை நினைவில் வையுங்கள்; ஒடிந்த கால் மூட்டின் கதை அங்கேதான் இருக்கிறது.

ஒற்றை எண் போதாது என்பதை 1967-ல் டென்மார்க்கில் தன் முனைவர் ஆய்வேட்டில் காட்டினார் சார்லஸ் ஹான்சன். அவர் ஆராய்ந்ததே பெயிண்ட் கரைப்பான்களைத்தான். ஈர்ப்பை மூன்றாகப் பிரித்தார்: எல்லா மூலக்கூறுக்கும் பொதுவான மென்மையான ஈர்ப்பு, மின்முனைகளால் வரும் ஈர்ப்பு, ஹைட்ரஜன் பிணைப்பு. ஒவ்வொரு திரவமும் ஒவ்வொரு பிசினும் இந்த மூன்று அச்சுகளுக்குள் ஒரு புள்ளி. பிசினைச் சுற்றி ஒரு கோளம் வரைந்தால், கோளத்துக்குள் விழும் திரவம் கரைக்கும், வெளியே விழுவது கரைக்காது. இதில் ஓர் ஆச்சரியமும் இருக்கிறது. கோளத்துக்கு இடப்பக்கம் வெளியே ஒரு திரவம், வலப்பக்கம் வெளியே இன்னொன்று என்றால், இரண்டையும் கலந்த கலவை கோளத்தின் நடுவிலேயே விழலாம். கொலோடியன் என்ற பிசின் கரைசல் செய்யப் பயன்படும் நைட்ரோசெல்லுலோஸ் அப்படித்தான். ஈதரில் மட்டும் போட்டால் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் மட்டும் போட்டாலும் கரையாது, இரண்டின் கலவையில் கரைந்துவிடும். தனித்தனியாகச் சாதுவாக இருக்கும் இரண்டு திரவங்களைச் சேர்த்தால் பிளாஸ்டிக்கைக் கடிக்கும் ஒன்று கிடைக்கக்கூடும். வீட்டில் இருக்கும் இரண்டு மூன்று தின்னர்களைக் கண்மதிப்பாகக் கலந்து அடிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியென்றால் லாக்கர் பெயிண்டை எப்படிப் பிளாஸ்டிக் மாடலில் அடிக்கிறார்கள்? அதன் தின்னர் பாலிஸ்டைரீனைக் கரைக்கக்கூடியதுதானே? ஆம். மாடல் ஒட்டும் பசைக்கும் லாக்கர் தின்னருக்கும் நெருங்கிய உறவு. தமியாவின் எக்ஸ்ட்ரா தின் சிமென்ட் என்ற ஒட்டுத் திரவத்தில் இருப்பது அசிட்டோனும் பியூட்டைல் அசிடேட்டும். இரண்டு பாகங்களின் ஓரத்தையும் அது கரைத்துச் சங்கிலிகளை ஒன்றுக்குள் ஒன்று கலக்க விடுகிறது. கரைப்பான் போனபின் இரண்டும் ஒரே பிளாஸ்டிக். லாக்கரும் அதே வேலையைத்தான் மிகக் குறைந்த அளவில் செய்கிறது. ஏர்பிரஷிலிருந்து தூசிபோல் வரும் துளிகளில் கரைப்பானின் ஒரு பகுதி காற்றிலேயே போய்விடும். மிச்சம் மேற்பரப்பைச் சற்றே இளக்கிவிட்டு மறையும். இளகிய பரப்பில் பிசின் வேர்விட்டதுபோல் பிடித்துக்கொள்கிறது. லாக்கர் பூச்சு எளிதில் உரியாததற்கு இந்தச் சின்னக் கடிதான் காரணம். அதே தின்னரைத் தூரிகையில் வழிய வழிய எடுத்து, ஒரே இடத்தில் நாலுமுறை இழுத்தால் நுண்கோடுகள் எல்லாம் மழுங்கிவிடும். கரைப்பானின் வகை பாதி விஷயம்தான். எவ்வளவு அளவு, எவ்வளவு நேரம் ஈரமாக நிற்கிறது என்பது மறுபாதி. அசிட்டோன் 56 டிகிரியில் கொதிப்பது, சீக்கிரம் ஓடிவிடும். பியூட்டைல் அசிடேட் 126 டிகிரியில் கொதிப்பது, நின்று நிதானமாக இளக்கும்.

இனிப் புட்டியின் லேபிளுக்கு வருவோம். குழப்பம் அங்கேதான் அதிகம். அக்ரிலிக், எனாமல், லாக்கர் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். முதல் பெயர் பிசினைப் பற்றியது, மூன்றாவது உலரும் விதத்தைப் பற்றியது. அதனால் ஒரே பெயிண்ட் இரண்டுமாக இருக்கலாம், இருக்கிறது. ஜப்பானின் மிஸ்டர் கலர், ஸ்பெயினின் வயேஹோ மாடல் கலர், தமியா அக்ரிலிக் ஆகிய மூன்றையும் மேசையில் வரிசையாக வையுங்கள். மூன்றிலும் அக்ரிலிக் பிசின்தான். மிஸ்டர் கலரில் அந்தப் பிசின் கடுமையான கரிமக் கரைப்பானில் கரைந்திருக்கிறது, ஆகவே அது லாக்கர். தமியாவில் ஆல்கஹாலும் கிளைகால் ஈதரும் கலந்த திரவத்தில் இருக்கிறது. தண்ணீரும் சேரும், ஆல்கஹாலும் சேரும், லாக்கர் தின்னரில் கலந்தால்கூட அருமையாக ஓடும். வயேஹோவில் பிசின் கரைந்தே இல்லை. ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள்களாகத் தண்ணீரில் மிதக்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி அவற்றைச் சுற்றிச் சோப்பு போன்ற மூலக்கூறுகள் காவல் நிற்கின்றன. தண்ணீர் ஆவியாகும்போது துகள்கள் நெருங்கி, நசுங்கி, ஒன்றாகி ஒரே படலமாகின்றன. அதன்பின் தண்ணீரால் அதைத் திரும்பக் கரைக்க முடியாது.

இப்போது ஒருவர், இரண்டும் அக்ரிலிக்தானே என்று தமியாவின் தின்னரை வயேஹோவில் ஊற்றுகிறார். ஆல்கஹால் அந்தக் காவலைக் குலைத்துவிடும். எலுமிச்சை பிழிந்த பால்போல் பெயிண்ட் திரிந்து ரப்பர் கட்டிகளாகி ஏர்பிரஷின் மூக்கை அடைத்துக்கொள்ளும். அந்த ஏர்பிரஷைக் கழற்றிக் கழுவுவதற்குள் ஒரு மாலைப்பொழுது போய்விடும். பெயிண்டையும் தின்னரையும் கலக்கும் முன் ஒரு வெள்ளைத் தட்டில் இரண்டு சொட்டு பெயிண்ட், இரண்டு சொட்டு தின்னர் விட்டுப் பல்குத்தும் குச்சியால் கலக்கிப் பார்த்தால் போதும். கால் நிமிடத்தில் மணல்மணலாகவோ நூல்நூலாகவோ தெரிந்துவிடும். எந்த இரண்டு நிறுவனச் சரக்கையும் கலப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். லேபிளில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தாலும் செய்யுங்கள்.

எனாமல் வேறு கதை. இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் 1919-ல் எண்ணெய் நிறுவனமாகத் தொடங்கிய ஹம்ப்ரால், 14 மில்லி தகர டப்பாக்களில் விற்ற எனாமலில்தான் பல தலைமுறை மாடல் கலைஞர்கள் கைபழகினார்கள். அதன் பிசின் ஆல்கிட். தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த பிசின் அது. கரைப்பான் ஆவியாவதோடு அதன் வேலை முடிவதில்லை, அதன்பின்தான் தொடங்குகிறது. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து வலையாகின்றன. தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில மணி நேரம் போதும். வலை முழுதாக முடியப் பல நாள் ஆகும். ஆக்சிஜன் மேலிருந்து வருவதால் மேல்தோல் முதலில் இறுகும், அடியில் இன்னும் கொழகொழப்பு இருக்கும்.

சுருக்கம் விழுவது இந்த நிலையில்தான். அரைகுறையாக வலையான எனாமல்மேல் லாக்கர் வார்னிஷ் விழுகிறது. பிணைந்துவிட்ட சங்கிலிகளை அதன் கரைப்பானால் கரைக்க முடியாது, ஆனால் இடையில் புகுந்து வீங்க வைக்க முடியும். வீங்கும் தோலுக்கு அகலம் வேண்டும். அடிப்பாகம் பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் விரிய வழியில்லை. மேல்நோக்கி மடிகிறது. சாய்ந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் இது நடப்பதைக் கண்ணால் காணலாம். முதலில் பளபளப்பு மங்கும், ஓரத்தில் ஒரு நெளிவு கிளம்பும், அது கிளைவிட்டு ஒரு நிமிடத்துக்குள் முழுப் பரப்பும் மூளையின் மடிப்பாகிவிடும். கரைப்பான் போனபின் வீக்கம் வற்றினாலும் மடிப்பு மறையாது. சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். சில எனாமல் ஸ்ப்ரே டப்பாக்களில், அடுத்த பூச்சை ஒரு மணி நேரத்துக்குள் அடியுங்கள், இல்லையென்றால் 48 மணி நேரம் கழித்து அடியுங்கள் என்று விசித்திரமாக எழுதியிருக்கும். பலர் அதைப் படித்துவிட்டு அலட்சியமாக விடுகிறார்கள். அந்த வாக்கியம் முழுக்க வேதியியல். ஒரு மணி நேரத்துக்குள் வலை பின்னத் தொடங்கியிருக்காது, இரண்டு பூச்சும் ஒன்றாகக் கலந்துவிடும். 48 மணி நேரம் கழித்து வலை போதிய அளவு இறுகியிருக்கும், கரைப்பான் உள்ளே புக முடியாது. ஆபத்து நடுவில்தான்.

மாடல் கலைஞர்களிடையே ஒரு பழைய வழக்கு உண்டு: அடியில் லாக்கர், அதன்மேல் அக்ரிலிக், எல்லாவற்றுக்கும் மேல் எனாமல். மேலே போகப் போகக் கரைப்பானின் கடுமை குறைய வேண்டும் என்பதே அதன் உட்பொருள். லாக்கரின்மேல் தண்ணீரோ ஆல்கஹாலோ விழுந்தால் பெரும்பாலும் அது அசையாது. அக்ரிலிக்கின்மேல் ஒயிட் ஸ்பிரிட் விழுந்தாலும் அசையாது. அதனால்தான் அக்ரிலிக் நிறத்தின்மேல் வாஷ் எனப்படும் நீர்த்த எனாமலை ஊற்றி, தகடுகளின் இடைக்கோடுகளில் அழுக்கு நிழலைத் தேக்கி, மிச்சத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுக்க முடிகிறது; அடிநிறத்துக்கு ஒன்றும் ஆகாது. நல்ல வழக்குதான், நானும் அதையே பின்பற்றுகிறேன். ஆனால் லேபிளைப் பார்த்து அதைப் பின்பற்றினால் மாட்டிக்கொள்வோம். வரிசையில் இருப்பவை பெயர்கள் அல்ல, கரைப்பான்கள். கடுமையான கரைப்பானில் வரும் அக்ரிலிக் வார்னிஷைப் புதிய எனாமல்மேல் அடித்துவிட்டு, அக்ரிலிக்தானே அடித்தேன் என்று கேட்பதில் பயனில்லை. இன்னொரு விதியும் இதோடு சேரும். மெதுவாக உலரும் மென்மையான பூச்சின்மேல் சீக்கிரம் இறுகும் பூச்சை அடிக்கக் கூடாது. அடியில் இருப்பது பிறகு சுருங்கி நகரும்போது மேலே இருப்பது பாளம்பாளமாக வெடிக்கும். பழைய சுவர், வறண்ட ஏரிப்படுகை செய்வதற்கான வெடிப்புப் பூச்சுகள் இதே குறையை வேண்டுமென்றே பயன்படுத்துபவை.

ஒடிந்த மூட்டுக்கு வருவோம். அச்சுக்குள் உருகிய பாலிஸ்டைரீன் வேகமாகப் பாய்ந்து வேகமாகக் குளிர்கிறது. சங்கிலிகள் பாய்ந்த திசையில் நீண்டபடியே உறைந்துவிடும். பிளாஸ்டிக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடும். அதோடு ஆணியைக் குழிக்குள் அழுத்திப் பூட்டும் வகை மாடலாக இருந்தால், பூட்டிய நாள்முதல் அந்த இடம் வெளியிலிருந்தும் இழுவிசையில் இருக்கிறது. சும்மா இருந்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். அந்த இடத்தில் ஒயிட் ஸ்பிரிட் சொட்டினால் நுண்ணிய வெடிப்பின் நுனியில் அது புகுந்து, அங்கே இருக்கும் சங்கிலிகளைச் சற்றே தளர்த்துகிறது. கரைக்கத் தேவையில்லை, தளர்த்தினால் போதும், இழுவிசை மீதியைப் பார்த்துக்கொள்ளும். வெடிப்பு முன்னேற, திரவமும் பின்தொடர, பாகம் இரண்டாகும். பாண்டாய் நிறுவனம் 1980 முதல் விற்றுவரும் குண்டம் ரோபோ மாடல்களைக் கட்டுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பசையில்லாமல் அழுத்திப் பூட்டும் பாகங்கள், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் மூட்டுகள், இடைக்கோடுகளுக்கு எனாமல் மை. மூன்றும் சேர்ந்தால் விரிசல் வரத் தோதான கூட்டணி. கோடு வரைவதைப் பாகங்களைப் பூட்டும் முன்பே, லாக்கர் அல்லது அக்ரிலிக் பூச்சு ஒன்று கொடுத்தபின் செய்வதும், மையைக் குளமாகத் தேங்க விடாமல் இருப்பதும் நல்ல காப்பு.

பெயிண்டே இல்லாமலும் இந்தக் கரைப்பு நடக்கும் என்பதற்குப் பழைய கார் மாடல்கள் சாட்சி. டயர்கள் மென்மையான பி.வி.சி.யால் ஆனவை. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, அதை மென்மையாக்க எண்ணெய் போன்ற பிளாஸ்டிசைசர் கலக்கிறார்கள். அந்த எண்ணெய் மெதுவாக டயரைவிட்டு வெளியே கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் சக்கரத்துக்குள் இறங்கும். ஆவியாகாத கரைப்பான் அது. ஆண்டுகள் கழித்து அலமாரியிலிருந்து எடுத்தால் சக்கரம் டயருக்குள் உருகி உட்கார்ந்திருக்கும். பிரிக்காத பெட்டிக்குள்ளும் டயரும் பாகங்களும் ஒரே பையில் உரசிக்கொண்டிருந்தால் இதுவே நடக்கும். டயர்களைத் தனிப்பையில் போட்டு வையுங்கள்.

எதிர்ப்பக்கத்துக் கோளாறு, பெயிண்ட் கடிக்கவே கடிக்காமல் நழுவுவது. தண்ணீரின் பரப்பு இழுவிசை 72 அலகுக்கு மேல். பாலிஸ்டைரீன் பரப்பின் ஆற்றல் அதே அலகில் 40-க்கும் கீழே. அதனால் தண்ணீர்ப் பெயிண்ட் பிளாஸ்டிக்மேல் பரவாமல் உருண்டு திரளப் பார்க்கிறது. தயாரிப்பாளர்கள் பரவச் செய்யும் சரக்குகளைச் சேர்த்துத்தான் விற்கிறார்கள். அச்சிலிருந்து பாகம் கழன்று வர உதவும் எண்ணெயும் நம் விரல் எண்ணெயும் மேலே இருந்தால் அந்த உதவியும் போய்விடும். பாத்திரம் கழுவும் திரவத்தில் பாகங்களைக் கழுவி, காயவைத்து, பிளாஸ்டிக்கைச் சற்றே கடிக்கும் பிரைமர் ஒன்று அடித்துவிட்டால், அதன்மேல் எந்தத் தண்ணீர்ப் பெயிண்டும் நிற்கும்.

இனிச் சோதனை. மாடலின் பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் கோத்து வருகின்றன, ஸ்ப்ரூ என்பார்கள். பாகங்களை வெட்டியெடுத்தபின் எஞ்சும் அந்தச் சட்டம், மாடல் எந்தப் பிளாஸ்டிக்கோ அதே பிளாஸ்டிக், அதே அச்சில் அதே நாளில் ஊற்றியது. இதைவிட நேர்மையான சோதனைப் பரப்பு உலகத்தில் கிடையாது. வெளிநாட்டு மாடல் நூல்கள் பிளாஸ்டிக் கரண்டியில் அடித்துப் பார்க்கச் சொல்லும். கரண்டி பாலிஸ்டைரீனாகவும் இருக்கலாம், பெயிண்டே ஒட்டாத பாலிபுரொப்பிலீனாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலும், இந்தியா முழுக்க 2022 ஜூலை முதலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்தபின் அந்தப் பேச்சே நமக்குத் தேவையில்லை. சட்டத்தின் ஓரத்தில் எழுத்து பொறித்த தட்டையான சின்னப் பட்டை ஒன்று இருக்கும். ஜப்பானிய மாடல்கள் பலவற்றில் பி.எஸ். (பாலிஸ்டைரீன்), ஏ.பி.எஸ். என்று பிளாஸ்டிக்கின் பெயரே அருகில் பொறித்திருக்கும். அந்தப் பட்டைதான் நம் ஆய்வகம்.

பாகங்களைக் கழுவியதுபோலவே அதையும் கழுவுங்கள். மாடலில் அடிக்கப்போகும் அதே பிரைமர், அதே பெயிண்ட், அதே தின்னர், அதே விகிதம், அதே காத்திருப்பு. சோதனைக்கென்று மெல்லிசாக ஒரு கோட் அடித்துவிட்டு மாடலில் மூன்று கோட் அடித்தால் சோதித்தது வேறு, செய்தது வேறு. நிறத்தைப் பட்டையின் முக்கால்வாசியில் அடித்து, மறுநாள் வார்னிஷை மறுமுனையிலிருந்து முக்கால்வாசிக்கு அடியுங்கள். வெறும் நிறம், நிறத்தின்மேல் வார்னிஷ், பிளாஸ்டிக்மேல் வார்னிஷ் என்று மூன்று பரப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும். ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பளபளப்பு எல்லா இடத்திலும் சீராக இருக்கிறதா, பொறித்த எழுத்தின் ஓரம் கூர்மை மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து மழுங்கியிருந்தால் தின்னர் கடிக்கிறது என்று பொருள். பெயிண்ட் தடித்தாலும் மழுங்கும். 1/72 அளவு மாடலில் 0.1 மில்லிமீட்டர் தடித்த பூச்சு, நிஜ விமானத்தில் 7 மில்லிமீட்டருக்கு மேல் அப்பிய பூச்சுக்குச் சமம்.

ஒரு முழு நாள் விட்டுப் பிடிமானத்தைச் சோதிக்க வேண்டும். தொழிற்சாலைகள் இதற்கு ஐ.எஸ்.ஓ. 2409 என்ற தரநிலையை வைத்திருக்கின்றன. வீட்டிலும் அப்படியே செய்யலாம். கூரான கத்தியால் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு, அவற்றுக்குக் குறுக்கே ஆறு கோடு, பெயிண்டை மட்டும் அறுக்கும் அழுத்தத்தில் கீறுங்கள். இருபத்தைந்து சின்னக் கட்டங்கள் கிடைக்கும். ஒட்டும் டேப்பை அதன்மேல் விரலால் தேய்த்து ஒட்டி, ஒரே இழுப்பில் உரியுங்கள். எல்லாக் கட்டமும் ஓரம் கலையாமல் நின்றால் அந்தத் தரநிலையில் 0, அதுதான் முதல் தரம். கட்டங்கள் பெயரத் தொடங்கினால் எண் ஏறும், 5 என்றால் தோல்வி. மாஸ்கிங் டேப் ஒட்டி இரண்டு மூன்று நிறத்தில் உருமறைப்பு வரையப்போகிறவர்கள் 0 அல்லது 1 வராமல் மாடலைத் தொடக்கூடாது.

எனாமல் வாஷ் பயன்படுத்துவதாக இருந்தால் இன்னொரு துண்டு வேண்டும். சட்டத்தின் நீளமான குச்சி ஒன்றை வில்லாக வளைத்து, ஒடியாத அளவில் நூலால் கட்டி, வளைவின் வெளிப்புறத்தில் வாஷைத் தடவி இரவு முழுக்க வையுங்கள். அதே வளைவில் வாஷ் தடவாத குச்சி ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். காலையில் தடவிய குச்சியில் குறுக்குக் கோடுகள் ஓடியிருந்தாலோ ஒடிந்திருந்தாலோ, அந்தத் திரவத்தை மூட்டுகளிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

பெயர் அழிந்த பழைய புட்டி கையில் இருக்கிறது, அல்லது வேறொருவர் பெயிண்ட் அடித்த மாடலை வாங்கியிருக்கிறோம். அந்தப் பெயிண்ட் என்ன வகை? புட்டியென்றால் பட்டையில் அடித்துக் காயவிட்டு, மாடலென்றால் அடிப்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில், பஞ்சுக்குச்சியால் முதலில் தண்ணீர், பிறகு ஒயிட் ஸ்பிரிட், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கடைசியாக லாக்கர் தின்னர் என்று தொட்டுத் தேயுங்கள். எதில் நிறம் பஞ்சுக்கு வருகிறதோ, அந்தக் கரைப்பான் உள்ள எதையும் அந்தப் பூச்சின்மேல் அடிக்கக் கூடாது. வகையின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நமக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இரண்டு. ஹார்டுவேர் கடையில் லிட்டர் கணக்கில் கிடைக்கும் என்.சி. தின்னர், மரச்சாமானுக்கும் வண்டிக்கும் அடிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கானது. டொலுயீன் போன்றவை அதில் தாராளமாக இருக்கும், கலவையும் கடைக்குக் கடை மாறும். ஏர்பிரஷைக் கழுவ அது போதும். பாலிஸ்டைரீன்மேல் அடிக்கும் பெயிண்டில் கலக்க வேண்டாம். இரண்டாவது, ஈரப்பதம். லாக்கர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து பூச்சு வெள்ளை பூத்துவிடும். மரப் பாலிஷ் போடுபவர்கள் மழைநாளில் வேலையை நிறுத்துவது இதனால்தான். ஆவியாதலை மெதுவாக்கும் ரிட்டார்டரைச் சில சொட்டு சேர்த்தால் வெள்ளை பூப்பது குறையும். ஆனால் கரைப்பான் அதிக நேரம் ஈரமாக நிற்கும், பிளாஸ்டிக்கைக் கடிக்கும் நேரமும் கூடும். ரிட்டார்டர் சேர்த்த கலவையை மறுபடி பட்டையில் அடித்துப் பார்த்துத்தான் மாடலுக்குப் போக வேண்டும். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிய நாளில் லாக்கரையே எடுக்காமல் இருப்பது மேல்.

பிளாஸ்டிக்கைக் கரைக்கும் ஆவி நுரையீரலுக்கும் நரம்புக்கும் நல்லதல்ல. சாதாரண என்95 முகக்கவசம் துகளைத்தான் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்பன் வடிகட்டி பொருத்திய முகமூடியும், ஆவியை வெளியே தள்ளும் விசிறியும் இல்லாத அறையில் லாக்கர் அடிக்காதீர்கள். அந்த ஆவி எளிதில் தீப்பற்றும்; அடுப்பும் பூஜை விளக்கும் எரியும் வீட்டில் இதை இரட்டிப்பாக நினைவில் வையுங்கள். குழந்தைகளோடு சேர்ந்து மாடல் செய்பவர்கள் தண்ணீர்ப் பெயிண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலும் அழகான மாடல்கள் வருகின்றன.

சோதித்த பட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தப் பிரைமர், எந்தப் பெயிண்ட், எந்தத் தின்னர், என்ன விகிதம், எத்தனை மணி நேரம் விட்டீர்கள், என்ன தேதி என்று பின்பக்கம் மார்க்கரால் எழுதிப் பெயிண்ட் டப்பாக்களோடு போட்டு வையுங்கள். புதிய புட்டி வாங்கும்போதும் புதிய நிறுவனத்தின் மாடலைத் திறக்கும்போதும், முதல் பூச்சைச் சட்டத்துக்குக் கொடுத்து, ஒரு நாள் பொறுத்து, அதன்பின் இறக்கையைக் கையில் எடுங்கள்.